சுடாத பெட்டி

பழைய ஃபேன் ரெகுலேட்டர் ஞாபகமிருக்கிறதா? சதுரப் பெட்டி. வேகத்தைக் குறைத்துவிட்டுத் தொட்டுப் பாருங்கள், சுடும். ஃபேனுக்கு வேண்டாத மின்சாரத்தை வெப்பமாக்கித் துரத்துகிற ஆசாமி அது. 1970-களின் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் பவர் சப்ளையும் கிட்டத்தட்ட இதே ரகம்தான்.

1977-ல் வந்த ஆப்பிள் 2-வில் மட்டும் ஃபேனே கூடாது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் ஒற்றைக்காலில் நின்றார். சத்தம் ஆகாதாம்! அட்டாரியிலிருந்து வந்த ராட் ஹோல்ட் என்கிற எஞ்சினியர்தான் வழி கண்டார். மின்சாரத்தை மடக்கிப் பிடிக்காமல், நொடிக்குப் பல்லாயிரம் தடவை ஸ்விட்சைப் போட்டு, அணைத்து... சூடு தணிந்துவிட்டது. மற்ற எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஹோல்டைக் காப்பியடித்தவைதான் என்று ஜாப்ஸ் பிற்பாடு அடித்துச் சொன்னார்.

நம்பாதீர்கள். நிலவுக்குப் போன அப்பல்லோ கம்ப்யூட்டரிலேயே 1960-களில் இந்த ஸ்விட்ச் வித்தை உண்டு. அதைக் கடைச்சரக்கு ஆக்கிய புண்ணியவான்களில் முக்கியமானவர் பாப் மம்மானோ. சிலிக்கான் ஜெனரல் கம்பெனிக்காரர். ஸ்விட்ச் போட்டிருக்கும் நேரம் நீண்டால் வோல்டேஜ் ஏறும், குறுகினால் இறங்கும். பல்ஸ் வித் மாடுலேஷன் என்று பேர். இந்தக் கணக்கையெல்லாம் பார்த்துக்கொள்ளும் சர்க்யூட்டுகளை 1976-ல் எஸ்ஜி 1524 என்ற ஒரே சிப்புக்குள் அடைத்தார் மனிதர். ஆப்பிள் 2-வுக்கு ஒரு வருஷம் முன்னால்!

இன்றைக்கு லினக்ஸில் இதற்கென்றே ஒரு டிரைவர் இருக்கிறது. பிராசசருக்கு வேலை குறைந்து உத்தரவு வந்தால், ரெகுலேட்டருக்குப் போகும் பல்ஸின் அகலத்தை மாற்றி வோல்டேஜை இறக்கிவிடும். குமிழைத் திருகுகிற அதே வேலைதான். பெட்டிதான் சுடுவதில்லை.