சுருளுக்கு ஏற்ற மின்கலம்

கம்பிச்சுருளில் மின்னோட்டத்தைச் செலுத்தினால் அதனுள் உள்ள இரும்பு காந்தமாகும். இது நீங்கள் பள்ளியில் படித்த செய்தியே. ஆனால், ஒரு சுருளை இயக்க எத்தகைய மின்கலம் வேண்டும்? பெரிய மின்கலம் என்றுதான் பலரும் விடை கூறுவர். அவ்விடை எப்போதும் பொருந்தாது. அதனை விளங்கிக்கொள்ளாததால் மின்தந்தியே நடவாத காரியம் என்று ஒருகாலத்தில் கருதப்பட்டது!

1825-இல் இங்கிலாந்தில் வில்லியம் ஸ்டர்ஜன் தம் மின்காந்தத்தைச் செய்துகாட்டினார். அதே ஆண்டில் பீட்டர் பார்லோ என்னும் அறிஞர், மின்னோட்டத்தால் தொலைவுக்குச் செய்தி அனுப்ப இயலுமா என ஆராய்ந்தார். 200 அடிக் கம்பியிலேயே விளைவு பெரிதும் குன்றிவிட்டது. ஆகவே இயலாது என முடிவு கட்டினார்.

அமெரிக்காவில் ஆல்பனி நகரப் பள்ளி ஆசிரியராக இருந்த ஜோசப் ஹென்றி இதனை வேறு வழியில் அணுகினார். பட்டினால் காப்பிட்ட கம்பியை இரும்பின்மேல் நெருக்கமாகச் சுற்றினார். 1060 அடிக் கம்பியின் கோடியில் தம் மின்காந்தத்தை வைத்து, ஒரே மின்கலத்துடன் இணைத்தார். அது அரை அவுன்ஸ் எடையையே தூக்கிற்று. பின்னர் அதே அளவு துத்தநாகப் பரப்புடைய 25 சிறு கலங்களைத் தொடராக இணைத்தார். இப்போது 8 அவுன்ஸைத் தூக்கிற்று! துத்தநாகம் கூடவில்லை, கம்பியும் குறையவில்லை.

காரணம் யாது? நீண்ட கம்பியின் மின்தடை மிகுதி. அதனூடே மின்னோட்டத்தைச் செலுத்த மின்னழுத்தம் வேண்டும். தகட்டைப் பெரிதாக்கினால் அழுத்தம் உயராது. கலங்களைத் தொடராக அடுக்கினால்தான் உயரும். மாறாக, சுருளின் தடை சிறிதாயின் பெரிய தகடுடைய ஒரே கலம் போதும். 60 அடி நீளச் சுருள்கள் 9-ஐப் பக்க இணைப்பில் ஒரு கலத்துடன் சேர்த்தபோது, ஹென்றியின் மற்றொரு காந்தம் 650 பவுண்டு தூக்கிற்று. ஓம் விதி 1827-இலேயே வெளிவந்திருந்தும் ஹென்றி அதனை அறிந்திருக்கவில்லை. சோதனை வாயிலாகவே இவ்வுண்மையைக் கண்டு 1831-இல் வெளியிட்டார்.

சில ஆண்டுகளுக்குப் பின் சாமுவேல் மோர்ஸின் தந்திக் கருவியும் சில பத்து அடிகளுக்கு மேல் இயங்க மறுத்தது. ஹென்றியின் கட்டுரையைப் படித்திருந்த பேராசிரியர் லெனர்ட் கேல், கலங்களையும் சுற்றுகளையும் பெருக்கச் சொன்னார். 1844-இல் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குத் தந்தி சென்றது.

இன்றும் ரிலே ஒன்றைக் கையில் எடுத்தால், அதன் சுருளுக்குரிய வோல்ட் அளவு அதன்மீது பொறிக்கப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். உங்கள் சுருள் இயங்கவில்லையா? அதனைப் பழிக்குமுன் அதன் தடையை அளந்து, மின்கலம் அதற்கு ஏற்றதுதானா என்று பாருங்கள். பார்லோவின் அளவீடு பொய்யன்று. அவர் கைக்கொண்ட இணைப்புக்கு மட்டுமே அது உண்மை.