சிங்கக் கொடியும் காவிப் பட்டையும்

கொடியில்லாத கோவிலும் இல்லை. கொடியில்லாத நாடும் இல்லை. சேரனுக்கு வில்லும், சோழனுக்குப் புலியும், பாண்டியனுக்கு மீனும் கொடியாய் விளங்கியமையைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். சிவபெருமானை இடபக் கொடியோன் என்றும், முருகனைச் சேவற் கொடியோன் என்றும் போற்றுவது நம் மரபு. தில்லையிலே கொடியேறும்படி உமாபதி சிவாசாரியார் பாடியருளியதாகக் கூறப்படும் ‘கொடிக்கவி’, சைவ சித்தாந்த சாத்திரங்கள் பதினான்கினுள் ஒன்றாக வைத்து எண்ணப்படுகின்றது. ஆகவே, கொடி வெறுந் துணியன்று, பொருளுணர்ந்து ஏற்றப்பட வேண்டிய ஒன்று என்பது நமக்குப் புதிய பாடமன்று.

ஆண்டுதோறும் பெப்ரவரி 4 ஆந் திகதி நாட்டின் தேசியக் கொடி ஏற்றப்படுகின்றது. அதன் வரலாறு யாது? அதிலே நமக்குரிய இடம் எது? அந்த இடம் நமக்கு எப்பொழுது கிடைத்தது? இவ்வினாக்களை இளைஞரும் பெரியோரும் ஒருங்கே சிந்திக்க வேண்டும்.

கண்டியிலிருந்து இலண்டனுக்கு

1815 மார்ச்சு 2 ஆந் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. அன்றுடன் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. கடைசி மன்னனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் சிறைப்பட்டு வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832 இல் அங்கேயே உயிர் துறந்தான். அவனுடைய கொடியும் கடல் கடந்தது. சிவந்த நிலத்திலே வலக்கையில் வாளேந்தி நிற்கும் மஞ்சள் சிங்கம் பொறித்த அக்கொடி, இங்கிலாந்திலே செல்சீ நகரின் அரச மருத்துவ மனையில் ஏனைய வெற்றிக் கொடிகளோடு வைக்கப்பட்டது.

இம்மன்னனின் பிள்ளைத் திருநாமம் கண்ணுசாமி. தென்னாட்டு நாயக்கர் குலத்தவன். 1739 முதல் கண்டிச் சிங்காசனத்தில் அமர்ந்தோர் அக்குலத்தவரே. சிங்கக் கொடியைச் சிங்கள மக்கள் தம் பழம்பெருமையின் சின்னமாகப் போற்றுதல் முறையே. ஆயினும் அக்கொடியின் கீழ் இறுதியாக அரசு செலுத்தியவன் தென்னாட்டு வழியில் வந்தவன் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

நூறாண்டுகள் கழிந்தபின் கோட்டையைச் சேர்ந்த சட்டவறிஞர் ஈ. டபிள்யூ. பெரேரா செல்சீயிலே அக்கொடியைக் கண்டறிந்தார். சிங்களக் கொடிகளைப் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சி நூல் 1916 இல் வெளியாயிற்று. மறக்கப்பட்ட சின்னமொன்று விடுதலை வேட்கைக்கு உருவங் கொடுத்தது.

பட்டைகள் வந்த கதை

1948 ஜனவரியில், சுதந்திரத்துக்குச் சின்னாட்களே இருக்கையில், இக்கொடியே நாட்டின் கொடியாதல் வேண்டுமென்று பாராளுமன்றத்தில் பிரேரித்தவர், மட்டக்களப்பின் முஸ்லிம் பிரதிநிதியான ஏ. சின்னலெப்பை அவர்கள். ஆனால், ஒரு சமூகத்தின் சின்னம் மட்டும் எல்லாச் சமூகத்தாருக்கும் கொடியாகலாமா என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடை காணும் பொருட்டு எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க தலைமையில் ஒரு குழு நியமிக்கப்பட்டது. ஜே. ஆர். ஜயவர்தன, ரி. பி. ஜாயா, ஜீ. ஜீ. பொன்னம்பலம், செனட்டர் எஸ். நடேசன் முதலியோர் அதில் அங்கம் வகித்தனர்.

குழுவின் முடிவு இது: சிங்கம் இருந்தவாறே இருக்கும், கம்பத்தை ஒட்டிய பக்கத்திலே பச்சை, காவி என இரு பட்டைகள் சேர்க்கப்படும், பச்சை முஸ்லிம்களையும், காவி தமிழரையும் குறிக்கும், முழுவதையும் சுற்றி மஞ்சட் கரை ஓடும். 1951 மார்ச்சு 2 ஆந் திகதி பாராளுமன்றம் இதனை ஏற்றது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான அதே மார்ச்சு 2!

செனட்டர் நடேசன் இதற்கு உடன்படவில்லை. சிறுபான்மையோருக்குரிய நிறங்கள் சிங்கம் நிற்கும் கட்டத்துக்கு வெளியே ஒதுக்கப்பட்டுள்ளன. ஆதலின் இது ஒற்றுமையைக் காட்டும் கொடியாகாது என்பது அவர் வாதம். பட்டைகள் இடம்பெற்றதே ஓர் அங்கீகாரம் என்று கருதினோரும் உளர். இரு கருத்தும் சிந்தனைக்குரியவையே. ஆனால் மலைநாட்டவராகிய நமக்கு வேறொரு கேள்வி உண்டு. காவிப் பட்டை தமிழரைக் குறித்ததென்றால், அந்தத் தமிழருள் நாம் இருந்தோமா?

இரு கொடிகளுக்கு இடையில்

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. நுவரெலியாவில் எஸ். தொண்டமான், தலவாக்கொல்லையில் ஸி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு என நம்மவர் பாராளுமன்றம் புகுந்தனர். ஆனால் சுதந்திரம் பிறந்த அதே 1948 இல் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. தந்தையும் பாட்டனும் இங்கே பிறந்ததற்குப் பத்திரம் எங்கே என்று, லயத்திலே பிறந்து லயத்திலே மாண்டவரின் பிள்ளைகளை அது வினவியது. அடுத்த ஆண்டு 48 ஆம் இலக்கச் சட்டம் வாக்குரிமையையும் பறித்தது.

பிரஜாவுரிமை கோரி விண்ணப்பிப்பதற்கான தவணை 1951 ஆகஸ்டு வரை இருந்தது. அதாவது, கொழும்பிலே கொடிக்குக் காவிப் பட்டை தைக்கப்பட்ட வேளையில், மலைநாட்டிலே தமிழர் விண்ணப்பப் படிவத்தோடு நின்றுகொண்டிருந்தனர். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தும், ஆறில் ஒரு பங்கினர் அளவிலேயே பதிவு பெற்றனர். 1952 தேர்தலில் காங்கிரஸ் பிரதிநிதி ஒருவரேனும் தெரிவாகவில்லை. கொடியிலே நிறம் இருந்தது. நாட்டிலே உரிமை இல்லை.

மறுபுறம், 1947 ஜூலை 22 இல் இந்தியா ஏற்றுக்கொண்ட மூவர்ணக் கொடியும் இருந்தது. 1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான ஸ்ரீமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் நம் மக்களை இரு கொடிகளுக்கும் பங்கிட்டது. 9 இலட்சத்து 75 ஆயிரம் பேருள் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு. 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சத்தை 1974 இல் பாதிபாதியாகப் பிரித்தனர். அண்ணன் ஒரு கொடியின் கீழும் தம்பி மற்றொரு கொடியின் கீழும் ஆயினர். கோச்சியேறித் தலைமன்னார் சென்று, அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம் போனோரின் கண்ணீரை எந்தக் கணக்கேட்டில் எழுதினர்?

1972 மே 22 இல் நாடு குடியரசாயிற்று. கொடியின் நான்கு மூலைகளிலும் அரச இலைகள் அமைந்தன. அவை மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்னும் பௌத்த நற்பண்புகள் நான்கினைக் குறிப்பன. முதிதை என்பது பிறர் உயர்வு கண்டு மகிழ்தல். உபேட்சை என்பது வேண்டியவர் வேண்டாதவர் என்று பாராத சமநோக்கு. அவ்விலைகள் கொடியில் ஏறியபோதும் நம்மவரில் பலர் நாடற்றவராகவே இருந்தனர்.

பட்டைக்குள் வந்த நாள்

எனினும் வரலாறு அவ்விடத்தே நின்றுவிடவில்லை. 1952 இல் சத்தியாக்கிரகம் இருந்தவர்களும், தொழிற்சங்கம் வளர்த்தவர்களும், சந்தாப் பணம் கொடுத்துத் தாங்கிய ஏழைத் தொழிலாளரும் சோர்ந்துவிடவில்லை. 1977 இல் தொண்டமான் நுவரெலியாவிலிருந்து மீண்டும் பாராளுமன்றம் சென்றார். 1988 இல் 39 ஆம் இலக்கச் சட்டமும், 2003 இல் 35 ஆம் இலக்கச் சட்டமும் பிரஜாவுரிமைச் சிக்கலுக்கு முடிவு கட்டின. 1951 இல் தைத்த பட்டைக்குள் மலைநாட்டுத் தமிழன் முழுமையாக வந்து சேர ஐம்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன.

இளைஞர்களே! ஒன்றை உற்று நோக்குங்கள். கொடியிலே கயிறு பிணைக்கும் பக்கம் எது? பட்டைகள் உள்ள பக்கமே. காற்றிலே சிங்கம் அசைந்தாடும்போது, கம்பத்தோடு பிணைந்து நின்று இழுவையைத் தாங்குவது அந்தப் பக்கமே. குழுவினர் அதை எண்ணி அமைத்தார்களோ, இல்லையோ, நமக்கு அது பொருத்தமாகத்தான் இருக்கின்றது. சுதந்திரம் வந்த காலத்தில் இந்நாட்டின் ஏற்றுமதி வருமானத்திற் பெரும்பங்கு தேயிலையினாலே வந்தது. மழையிலும் பனியிலும் மலையேறிக் கொழுந்தெடுத்த கைகளே அதைத் தேடித் தந்தன.

ஆதலால் இக்கொடியை நாம் இரவல் கொடியாக எண்ண வேண்டியதில்லை. வரலாறு அறியாமல் வணங்க வேண்டியதுமில்லை. நடேசன் எழுப்பிய கேள்வியையும் அறிந்து, நம் மூத்தோர் பட்ட பாட்டையும் அறிந்து, தலை நிமிர்ந்து ஏற்றுவோம். பிரஜாவுரிமை வந்தது, ஆனால் சொந்த நிலமும் சொந்த வீடும் இன்றி லயத்திலே வாழும் குடும்பங்கள் இன்னும் பல. பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இன்றி ஒரு குடும்பமும் நம் தோட்டங்களில் இராதபடி பார்த்துக்கொள்வது சங்கத்தால் இயலும் காரியம். பத்திரம் இல்லை என்ற காரணத்தால் ஒரு தலைமுறை இழந்ததை இனியொரு தலைமுறை இழத்தல் ஆகாது. அப்பணியைச் செய்துவிட்டுக் கொடிக் கயிற்றைப் பற்றுவோமாக!