சுப்பர்சார்ஜர் காரின் சூட்டைக் குறைந்த செலவில் தணிப்பது எப்படி?

2002 முதல் 2006 வரை விற்பனையான மினி கூப்பர் எஸ், கார்ப் பிரியர்கள் 'ஆர்53' என்று அழைக்கும் வண்டி, இன்று பாவித்த கார்ச் சந்தையில் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளின் கைக்கெட்டும் விலைக்கு வந்துவிட்டது. வேலைக்குப் போகத் தொடங்கிய பிள்ளை ஆசைப்பட்டு வாங்கிவிடுகிறது. வாங்கிய விலையைவிட வைத்திருக்கும் செலவு பெரிது என்பது முதலாவது கோடைகால நெரிசலில்தான் தெரியவருகிறது. இந்த எஞ்சினின் அடிப்பகுதி வார்ப்பிரும்பு, தலைப்பகுதி அலுமினியம். ஒருமுறை அளவுக்கு மீறிச் சூடேறினால் அந்த அலுமினியத் தலை வளைந்துவிடலாம். அதைத் திருத்தும் கூலி பல சமயம் காரின் விலையையே தாண்டிவிடும். ஆகவே சூடு தணிப்பதை வேகப் பிரியர்களின் விளையாட்டாக மட்டும் பார்க்க வேண்டாம். இது வீட்டு வரவு செலவோடு சம்பந்தப்பட்ட விடயம்.

இந்த மினி ஒக்ஸ்போர்ட்டின் கவுலிப் பகுதியில் ஒன்றிணைக்கப்பட்டது. யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் நாம் பார்த்து வளர்ந்த மொறிஸ் மைனரும் அதே கவுலியிலிருந்து வந்ததுதான். ஆனால் மைனரைப் பராமரித்த பழக்கங்களை மினிக்குக் கொண்டுவரக் கூடாது. அதற்கான காரணத்தைக் கீழே சொல்கிறோம்.

சூடு எங்கிருந்து வருகிறது?

1.6 லீற்றர் எஞ்சினின் பெல்ற்றால் சுழலும் ஈற்றன் எம்45 சுப்பர்சார்ஜர், காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. முழு வேகத்தில் அது கொடுக்கும் மேலதிக அமுக்கம் ஏறக்குறைய 0.8 பார். காற்றை அமுக்கினால் சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடித்த எவருக்கும் பம்பியின் அடிப்பகுதி சுடுவது தெரியும். வெளிக்காற்று 20 பாகை செல்சியஸாக இருந்தால், எந்த இழப்பும் இல்லாத இலட்சிய இயந்திரம்கூட அதை 70 பாகைக்கு மேல் கொண்டுபோய்விடும். இந்த வகைச் சுப்பர்சார்ஜர் இலட்சிய இயந்திரம் அல்ல. அதன் செயற்றிறனை 60 வீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் காற்று ஏறக்குறைய 110 பாகையில் வெளிவருகிறது.

இந்தக் காற்றைக் குளிரவைப்பதற்காகவே எஞ்சினின் தலைமேல் இன்ரர்கூலர் என்ற அலுமினியப் பெட்டி வைக்கப்பட்டிருக்கிறது. பொனற்றில் தெரியும் வாய் வழியாக வரும் வெளிக்காற்று, அதன் தகடுகளுக்கிடையே மேலிருந்து கீழாகப் போகிறது. 110 பாகைக் காற்று 50 பாகைக்கு இறங்கினால், அதே அமுக்கத்தில் அதன் அடர்த்தி ஏறத்தாழ 18 வீதம் கூடும். தொழிற்சாலை காரோடு சேர்த்துத் தந்த பலன் அது. இருபது வருடப் பழைய காரில் அதில் ஒரு பகுதி கசிந்து வீணாகிக்கொண்டிருக்கும். புதிய பெரிய இன்ரர்கூலருக்குப் பல நூறு பவுண் கொடுப்பதற்கு முன் அந்தக் கசிவை அடைப்பதே எமது ஆலோசனை. கணக்கு எழுதுபவன் புத்தியில் சொல்வதானால், வரவேண்டிய கடனை வசூலிக்காமல் புதுக் கடன் எடுக்கக் கூடாது.

முதலில் அளவிட்டுப் பாருங்கள்

காரின் சோதனைச் சொக்கற்றில் செருகிக் கைபேசியோடு இணைக்கும் சிறிய கருவி 20 பவுணுக்குள் கிடைக்கிறது. எஞ்சின் நீரின் வெப்பநிலை, உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை இரண்டையும் அது காட்டும். பெரும்பாலான கார்களில் டாஷ்போர்ட் முள், நீரின் சூடு கணிசமாக மாறினாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டிருப்பதால் அதை நம்பிப் பயனில்லை. ஒரே பாதையில், ஒரேமாதிரியான காலநிலையில், வேலைக்கு முன்னும் பின்னும் ஓடிப் பார்த்துக் குறித்து வையுங்கள். ஓடும்போது வாசிப்பது பக்கத்து இருக்கையில் இருப்பவரின் வேலை.

தண்ணீர்ப் பக்கம்

எஞ்சினைக் காப்பாற்றுவது இந்தப் பக்கம் என்பதால் இதையே முதலில் பார்க்க வேண்டும். ரேடியேற்றர் விசிறிக்கு இரண்டு வேகங்கள் உண்டு. குறைந்த வேகத்தைக் கொடுப்பது விசிறிச் சட்டத்தில் பொருத்தப்பட்ட ஒரு சிறிய தடையி. உப்புத் தூவும் குளிர்நாட்டு வீதிகளில் அது துருப்பிடித்துச் செத்துப்போவது இந்தக் காரின் பேர்போன நோய். சோதிப்பது சுலபம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கக் குளிரூட்டியைப் போடுங்கள். விசிறி மெதுவான வேகத்தில் சுழலத் தொடங்க வேண்டும். சுழலாவிட்டால், நெரிசலில் கார் நன்றாகச் சூடேறிய பிறகுதான் விசிறி பெரும் இரைச்சலோடு முழு வேகத்தில் எழும்பும். அதுவரை முழு எஞ்சினும் வெந்துகொண்டிருக்கும். கராஜ்களில் முழு விசிறித் தொகுதியையும் மாற்றச் சொல்வார்கள். ஆனால் அதே தடைப்பெறுமானமும் அதே வாற்று அளவும் கொண்ட தடையியை மட்டும் வாங்கிப் பொருத்தினால் செலவு அதில் ஒரு சிறு பங்குதான். பற்றறியைக் கழற்றிய பின்னரே கைவையுங்கள். எஞ்சினை நிறுத்திய பின்பும் விசிறி தானாகச் சுழலக்கூடியது, விரலைக் காவுகொள்ளும்.

அடுத்தது பிளாஸ்ரிக் கூலன்ற் தாங்கி. காலப்போக்கில் அதன் பொருத்து வழியே வெடித்து மெல்லக் கசியும். தேர்மோஸ்ராற் கூடும் கசிவுக்குப் பேர்போனது. காய்ந்த கூலன்ற் விட்டுச்செல்லும் வெள்ளை அல்லது நீலத் தடத்தைத் தேடுங்கள். இரண்டும் விலை குறைந்தவை. எஞ்சின் முற்றாக ஆறும்வரை மூடியைத் திறக்கவே வேண்டாம். அமுக்கத்தில் அடைபட்டிருக்கும் சுடுநீர் முகத்துக்குத்தான் வரும்.

இப்போது மைனர் கதைக்கு வருவோம். ஊரில் கார் சூடேறினால் தேர்மோஸ்ராற்றைக் கழற்றி எறிந்துவிட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஓடுவது வழக்கம். வெயில் காயும் ஊரில், மண்ணெண்ணெயிலும் ஓடப் பழகிய எளிய எஞ்சினுக்கு அது போதுமாக இருந்தது. இங்கே அதைச் செய்தால் எஞ்சின் தன் சரியான சூட்டுக்கு ஒருபோதும் வராது. கணினி எஞ்சின் இன்னும் குளிராக இருப்பதாக நினைத்துப் பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கும், எண்ணெயில் ஈரம் சேரும், குளிர்காலத்தில் காருக்குள் வெதுவெதுப்பும் வராது. வெறும் தண்ணீர் உறைந்தால் எஞ்சினே வெடிக்கும். தயாரிப்பாளர் சொன்ன வகைக் கூலன்றை, கனிமம் நீக்கிய தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். ஊற்றிய பின் உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றும் திருகாணியைத் திறந்து, குமிழி இல்லாமல் திரவம் வரும்வரை பொறுமையாக நில்லுங்கள். கூலன்ற் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. சிந்தியதை உடனே கழுவுங்கள், பிள்ளைகளும் அயல்வீட்டுப் பூனையும் உண்டு.

இந்தக் காரில் பலர் அறியாத பொறி ஒன்றும் இருக்கிறது. தண்ணீர்ப் பம்பியைச் சுழற்றுவது பெல்ற் அல்ல, சுப்பர்சார்ஜரின் பின்முனைப் பற்சக்கரங்கள். அவற்றுக்கென்று சிறிதளவு எண்ணெய் தனியாக அடைக்கப்பட்டிருக்கிறது. அது வற்றிப் பற்கள் தேய்ந்தால் பம்பி நின்றுவிடும், கூலன்ற் நிறைந்திருந்தும் கார் கொதிக்கும். எண்ணெய் மலிவு. ஆனால் அந்த இடத்தை எட்டுவதற்குக் காரின் முன்பக்கத்தையே முன்னே இழுக்க வேண்டும், ஆகக் கூலிதான் கனக்கும். எனவே இதற்கென்று தனியாகக் கராஜ் போக வேண்டாம். பம்பியோ வேறு முன்பக்கப் பாகமோ மாற்றும் நாளில் இந்த எண்ணெயையும் மாற்றச் சொல்லுங்கள். ஒரே கூலியில் இரண்டு வேலை முடியும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள், இந்த எண்ணெய் எப்போதாவது மாற்றப்பட்டதா என்று பற்றுச்சீட்டைப் பார்த்துக் கேட்பது நல்லது. 'ஆயுள் முழுவதற்கும் போதுமான எண்ணெய்' என்று பதில் வந்தால் விலையில் அதைக் கழித்துப் பேசுங்கள்.

காற்றுப் பக்கம்

குறைந்த செலவில் நிறைந்த பலன் கிடைப்பது இங்கேதான். பொனற்றின் அடியில் உள்ள காற்றுக் குழலின் விளிம்பில் ஒரு மெத்தை விளிம்பு இருக்கிறது. பொனற்றை மூடும்போது அது இன்ரர்கூலரின் சட்டத்தில் அழுந்தி உட்கார வேண்டும். வருடங்கள் போக அது நசிந்து, கிழிந்து, இடைவெளி விடும். காற்றும் நம்மைப் போலத்தான், இலகுவான வழி இருந்தால் நெருக்கமான தகடுகளுக்குள் நுழைந்து கஷ்டப்படாது. இடைவெளியால் வழிந்து போய்விடும்.

பிள்ளைகள் பாவிக்கும் நிறச் சோக்கை அந்த விளிம்பு முழுவதும் தடவி, பொனற்றை மூடித் திறவுங்கள். இன்ரர்கூலர் சட்டத்தில் எங்கே நிறம் ஒட்டவில்லையோ அங்கே காற்று தப்புகிறது. கதவு யன்னல்களுக்கு ஒட்டும் இறப்பர் பட்டியை அந்த இடத்தில் ஒட்டுங்கள். மலிவான பஞ்சு நுரை சூட்டில் பொடியாகிவிடும், தண்ணீரை உறிஞ்சாத ஈபிடிஎம் இறப்பராகப் பார்த்து வாங்குங்கள். செலவு சில பவுண், நேரம் அரை மணித்தியாலம். இதைவிட மலிவாக இந்தக் காரில் எதையும் வாங்க முடியாது.

பிறகு இன்ரர்கூலரைக் கழற்றுங்கள். நட்சத்திர வாய்த் திருகாணிச் சாவிகள் இருந்தால் வீட்டு வாசலிலேயே முடியும் வேலை. இரு பக்கமும் அதைப் பிடித்திருக்கும் சுருக்க இறப்பர்களை விரலால் விரித்துப் பாருங்கள், மடிப்புகளில் வெடிப்பு இருந்தால் அமுக்கிய காற்று அங்கே போகிறது. உள்ளே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது வழமை, ஆனால் அதுவே தடித்தால் வெப்பம் அலுமினியத்துக்குக் கடப்பது குறையும். எண்ணெய் போக்கும் திரவத்தால் உள்ளும் புறமும் கழுவி, தகடுகளில் சிக்கிய பூச்சிகளையும் இலைகளையும் மெல்லிய தூரிகையால் எடுங்கள். உயர் அமுக்க நீர்த்துப்பாக்கி தகடுகளை மடக்கிவிடும். ஒரு நாள் முழுக்கக் காயவிட்ட பிறகே பூட்டுங்கள், உள்ளே தேங்கிய திரவம் எஞ்சினுக்குள் போகக் கூடாது.

இன்ரர்கூலர் எஞ்சினின் மேல் இருப்பதால், கார் நிற்கும்போது கீழிருந்து எழும் சூடு அதைப் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே வெப்பம் தெறிக்கவைக்கும் மெல்லிய அலுமினியத் தாளை வைத்தால் அது ஓரளவு குறையும். வேகமாக ஓடி வந்தால், வீடு சேரும் கடைசி ஐந்து நிமிடத்தை மெதுவாக ஓடுங்கள். எக்சோஸ்ற் குழாயைத் துணி நாடாவால் சுற்றுவதை மட்டும் நாம் பரிந்துரைக்க மாட்டோம். எண்ணெய் கசியும் பழைய எஞ்சினில் அந்த நாடா எண்ணெய் குடித்துத் தீப்பிடிக்கக்கூடும்.

தண்ணீர் தெளிப்பது என்னும் பழைய உத்தியும் உண்டு. கண்ணாடி கழுவும் பம்பி, ஒரு சிறு போத்தல், இரண்டு தெளிப்பு முனைகள், ஒரு சுவிச், ஒரு பியூஸ். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 2,260 கிலோயூல் வெப்பத்தை எடுத்துச் செல்வதால், மலைப்பாதையிலும் ஓட்டத்திடலிலும் இதற்கு உண்மையான பலன் இருக்கிறது. வேலைக்கும் கடைக்கும் ஓடும் காருக்குத் தேவையில்லை. செய்வதென்றால் கனிமம் நீக்கிய தண்ணீரை மட்டும் பாவியுங்கள். இலண்டன் குழாய்த் தண்ணீரின் சுண்ணாம்பு சில மாதங்களில் தகடுகளை அடைத்துவிடும். அற்ககோல் கலந்த கண்ணாடி கழுவும் திரவத்தைச் சூடான எஞ்சின்மேல் தெளிப்பது தீயோடு விளையாடுவது. உறைபனி தொடங்குமுன் போத்தலை வெறுமையாக்குங்கள்.

நண்பர்கள் சொல்லக் கேட்டுச் சிறிய கப்பி மாட்டிச் சுப்பர்சார்ஜரை வேகமாகச் சுழற்ற விரும்பும் பிள்ளையிடம் ஒன்றை விளக்குங்கள்: கூடுதல் அமுக்கம் என்றால் கூடுதல் சூடு. மேலே சொன்ன எதுவும் செய்யப்படாத காரில் அந்தச் செலவு, சூட்டை விலைகொடுத்து வாங்குவதாகவே முடியும்.

காப்புறுதி

பழுதான பாகத்தை அதே வகைப் பாகத்தால் மாற்றுவது திருத்த வேலை. பெரிய இன்ரர்கூலர், தண்ணீர்த் தெளிப்பான், சிறிய கப்பி என்பன காரை மாற்றியமைப்பவை. பிரித்தானியாவில் இவற்றைக் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் விபத்துக்குப் பின் இழப்பீடு குறையலாம் அல்லது மறுக்கப்படலாம். ஜேர்மனியில் இத்தகைய மாற்றங்களைத் தொழில்நுட்பப் பரிசோதகர் ஏற்றுக்கொண்டாரா என்பதும் சேர்ந்து பார்க்கப்படும். இளம் சாரதிகளின் காப்புறுதிக் கட்டணம் ஏற்கெனவே உயர்வானது, எனவே பாகத்தை வாங்குமுன் நிறுவனத்திடம் புதிய கட்டணத்தைக் கேட்டு, அதையும் பாகத்தின் விலையோடு கூட்டிப் பாருங்கள். பதிலை எழுத்தில் வாங்கி, திருத்தப் பற்றுச்சீட்டுகளோடு ஒரே கோப்பில் வையுங்கள். காரை விற்கும் நாளிலும் அந்தக் கோப்புக்கு விலை உண்டு. வடித்த பழைய கூலன்றை மூடியுள்ள கலனில் அடைத்து, உள்ளூராட்சிச் சபையின் கழிவு நிலையத்தில் கொடுங்கள், வீதி வடிகாலில் ஊற்ற வேண்டாம்.