கவலைக் கிணறும் கரையேறும் படகும்

காங்கேயத்துக்கும் கடலுக்கும் தொலைவு அதிகம். ஆயினும் ஒரு படகை நீரிலிருந்து கரையேற்றும் கலையின் அடிப்படையை எங்கள் பக்கத்துக் கவலைக் கிணற்றிலேயே கற்றுக்கொள்ளலாம். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து, பம்புசெட்டுகள் படிப்படியாகப் பெருகும் வரை, கொங்கு நாட்டு வயல்களுக்கு நீர் வார்த்தவை கவலை ஏற்றங்களே. கிணற்றுமேட்டிலிருந்து சரிந்து செல்லும் பாதையில் காங்கேயம் காளைகள் இறங்கி நடக்கும். கயிற்றின் மறுமுனையில் நீர் நிறைந்த சால் மேலே வரும். இதை நினைவில் வைத்துக்கொண்டு வரலாற்றுக்குள் செல்வோம்.

கப்பலைத் தரையில் இழுப்பது மிகப் பழைய தொழில். கி.மு. 600 அளவில் கிரேக்கர்கள் கொரிந்து நிலஇணைப்பின் குறுக்கே ஆறு கிலோமீட்டருக்கு மேல் கல்பாதை அமைத்து, கப்பல்களை ஒரு கடலிலிருந்து மறுகடலுக்கு இழுத்துச் சென்றனர். 1453-ல் துருக்கியச் சுல்தான் இரண்டாம் முகம்மது, கொழுப்புத் தடவிய மரக்கட்டைகளின் மேல் சுமார் எழுபது கப்பல்களைக் குன்று தாண்டி இழுக்கச் செய்து கான்ஸ்டாண்டிநோபிள் துறைமுகத்துக்குள் இறக்கினார்.

கொழுப்பு ஏன் உதவுகிறது என்பதை அளந்து பார்க்கும் காலம் பின்னர் வந்தது. மின்னூட்ட விதியால் நாம் அறிந்த கூலூம், 1779-ல் ரோஷ்ஃபோர் கப்பல் தளத்தில் உராய்வை ஆராய்ந்தார். 1781-ல் அவ்வாய்வு பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் பரிசைப் பெற்றது. உராய்வு, அழுத்தும் எடைக்கு நேர்விகிதத்தில் உள்ளது. தொடும் பரப்பைப் பெரும்பாலும் பொறுத்ததன்று. அசையாது நின்ற பொருளைக் கிளப்புவதே கடினம். இவை அவர் உறுதிசெய்த உண்மைகள்.

இவ்வுண்மைகள் தெரிந்த பின்னும் இடர் நீங்கவில்லை. 1857 நவம்பர் 3-ஆம் நாள், புருனெல் கட்டிய ‘கிரேட் ஈஸ்டர்ன்’ கப்பலைத் தேம்ஸ் ஆற்றில் பக்கவாட்டில் இறக்க முயன்றனர். சுமார் 12,000 டன் எடை, இரும்பின் மேல் இரும்பு. கப்பல் சற்றே நகர்ந்து நின்றது. கயிறு சுற்றும் பொறி கட்டுமீறிச் சுழன்றதில் உயிரிழப்பும் நேர்ந்தது. நீரழுத்தப் பொறிகளால் அங்குலம் அங்குலமாகத் தள்ளி, 1858 ஜனவரி 31-ல்தான் மிதக்கவிட்டனர்.

இன்று சிறு படகைச் சக்கரச் சட்டத்தில் ஏற்றி லாரியால் இழுக்கிறோம். பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் வண்டி போதுமா? கணக்கிட்டுப் பார்ப்போம். வண்டி 2,000 கிலோ. படகும் சட்டமும் 1,000 கிலோ. கரைச்சரிவு ஏழடிக்கு ஓரடி. மேலேற்றத் தேவையான இழுவிசை 3,000-ல் ஏழில் ஒரு பங்கு, ஏறத்தாழ 430 கிலோ எடை. பின்சக்கரங்களின் மேல் 1,100 கிலோ அழுத்துவதாகக் கொள்வோம். உலர்ந்த தரையில் உராய்வுக் குணகம் 0.6 எனில் 660 கிலோ பிடிப்புக் கிடைக்கும், படகு ஏறிவிடும். பாசி படிந்த தரையில் குணகம் 0.2 எனில் கிடைப்பது 220 மட்டுமே. சக்கரம் சுழலும், வண்டி நகராது. நான்கு சக்கரங்களும் இழுத்தால்கூட 400 தான்! எஞ்சினின் குதிரைத்திறனைக் கூட்டியும் பயனில்லை. குறை எஞ்சினில் இல்லை, தரையில் இருக்கிறது.

வழி என்ன? கவலைக் காளைகள் நீரருகே நின்றா இழுத்தன? வண்டியை மேலே உலர்ந்த சமதரையில் நிறுத்தி, நீண்ட வடத்தால் படகை மட்டும் இழுத்தால் தேவை சுமார் 143 கிலோதான். வண்டி தன் எடையைத் தானே மேலே சுமக்க வேண்டியதில்லை. கவலையிலோ பாதை கீழ்நோக்கிச் சரிவதால் காளையின் எடையும் இழுவைக்குத் துணைநின்றது.

ஓர் எச்சரிக்கை. வடம் அறுந்தால் சாட்டைபோல் வீசும்; படகு பின்னோக்கி உருளும். ஆகவே வடத்தின் வழியிலும் படகின் பின்னும் ஒருவரும் நிற்கலாகாது. சக்கரத்துக்கு அணைகட்டை வைக்க ஆள் பக்கவாட்டில் நிற்க வேண்டும். கிரேட் ஈஸ்டர்ன் கற்பித்த பாடம் சிறு படகுக்கும் பொருந்தும்.