தோற்ற தளபதியின் பெயரில் ஒரு ராணுவ முகாம்: யார் இந்தக் 'கோயோ'?

பிலிப்பீன்ஸ் ஆயுதப் படையில் அதிகாரியாக விரும்பும் இளையர்கள் பலரும் போய்ச் சேரும் இடம், பாகியோ நகரிலுள்ள பிலிப்பீன்ஸ் ராணுவக் கழகம்.

அது அமைந்திருக்கும் முகாமின் பெயர் கிரெகோரியோ டெல் பிலார் கோட்டை.

ஜெயிச்சவங்க பெயரைத்தானே முகாமுக்கு வைப்பாங்க? டெல் பிலாரோ தமது கடைசிப் போரில் தோற்றவர். அதிலேயே உயிரையும் விட்டவர். அப்போ ஏன் அவர் பெயர்?

யார் இவர்?

1875இல் புலக்கான் மாநிலத்தில் பிறந்தவர். செல்லப் பெயர் 'கோயோ'. மணிலாவில் படிப்பை முடித்த கையோடு, 1896இல் ஸ்பெயினுக்கு எதிரான புரட்சியில் சேர்ந்தார். சில ஆண்டுகளிலேயே தளபதி!

1898 டிசம்பரில் ஸ்பெயின், 20 மில்லியன் டாலர் பெற்றுக்கொண்டு பிலிப்பீன்ஸை அமெரிக்காவிடம் விட்டுக்கொடுத்தது. சுதந்திரம் கைக்கு வந்துவிட்டது என்று நம்பிய புரட்சியாளர்கள், அடுத்த ஆண்டே அமெரிக்கப் படையுடன் மோதினர்.

டிராட் கணவாயில் என்ன நடந்தது?

2 டிசம்பர் 1899. அதிபர் எமிலியோ அகினால்டோ வடக்கு மலைகளுக்குள் தப்பிச் செல்கிறார். துரத்திவரும் படையைத் தாமதப்படுத்துவது டெல் பிலாரின் வேலை.

அவரிடம் இருந்தது சுமார் 60 பேர். எதிரில் சுமார் 300 பேர்.

குறுகலான செங்குத்துப் பாதை. மேலே பதுங்குகுழிகள். நேராக ஏறி வந்தவர்களால் முன்னேற முடியவில்லை. ஆனால் உள்ளூர்வாசி ஒருவர் வேறொரு மலைப்பாதையைக் காட்டிக்கொடுத்தார். அதன்பின் நிலைமை தலைகீழ். டெல் பிலார் மாண்டபோது வயது 24.

ஆனால் கொடுத்த வேலை முடிந்தது. அகினால்டோ தப்பினார். 1901 மார்ச்சில்தான் பிடிபட்டார்.

என்ன பாடம்?

ஒன்று, எல்லாப் போரும் ஜெயிப்பதற்காக நடப்பதில்லை. சில போர்கள் நேரம் வாங்கித் தருவதற்காக. இரண்டு, முன்வாசல் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் போதாது. பின்வாசல் திறந்திருந்தால் கதை முடிந்தது.

சிங்கப்பூரர்களுக்கு இது புதிதல்ல. 1942இல் புக்கிட் சந்துவில் கடைசிவரை நின்ற லெஃப்டினென்ட் அட்னானை நாம் நினைவுகூர்வதும் வெற்றிக்காக அல்லவே.

குறையே இல்லாத நாயகனா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. 1899 ஜூனில் தளபதி அந்தோனியோ லூனா சொந்தத் தரப்பினராலேயே கொல்லப்பட்டார். பிறகு லூனாவுக்கு வேண்டியவர்கள்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையில் டெல் பிலாருக்கும் பங்கிருந்தது. அவரது விசுவாசம் நாட்டுக்கா, ஒரு தலைவருக்கா என்ற கேள்வி இன்றும் எழுகிறது. 2018இல் வெளிவந்த 'கோயோ' திரைப்படமும் அதைத் தொடுகிறது.

ராணுவக் கழகத்தின் முழக்கவரி: துணிவு, நேர்மை, விசுவாசம். மூன்றாவது சொல் இரண்டாவதோடு மோதினால் என்ன செய்வது? கோட்டையின் பெயரே அங்கு பயிற்சி பெறுவோர்முன் வைக்கும் கேள்வி அது.