பதினைந்து வாட்டில் ஒரு சிம்பொனி

வீட்டில் உட்கார்ந்து மேற்கத்திய செவ்வியல் இசை கேட்பதற்கு ஆம்ப்ளிஃபயர் தேடுபவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: சினிமாப் பாட்டுக்கு எது வேண்டுமானாலும் போதும், சிம்பொனிக்கு விலை கூடியதுதான் சரிப்படும். கேட்பதற்கு நியாயம்போல் இருக்கும். மூச்சுவிடும் அளவுக்கு மெல்லிய வயலின் ஒலியும், நூறு பேர் சேர்ந்து எழுப்பும் முழக்கமும் ஒரே படைப்பில் வருகின்றன. அந்த இரண்டு எல்லைகளையும் மலிவான கருவி எப்படித் தாங்கும்? ஆனால் வீட்டு ஆம்ப்ளிஃபயரின் எண்பது ஆண்டு வரலாறு நேர் எதிரான சாட்சியத்தைத் தருகிறது. கைக்கெட்டும் விலையில் நல்ல ஆம்ப்ளிஃபயர் பிறந்ததே செவ்வியல் இசை கேட்டவர்களின் பிடிவாதத்தால்தான். இசைக்கு உண்மையில் என்ன தேவை என்று பொறியாளர்கள் கேட்ட காலங்களில் கருவி எளிமையாகவும் சிறப்பாகவும் இருந்தது. அந்தக் கேள்வியை விட்டுவிட்டு விளம்பரத்தில் அச்சிடும் எண்களைத் துரத்திய காலங்களில் விலை ஏறியது, இசை ஏறவில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்த இங்கிலாந்தில் இது தொடங்குகிறது. 1946 செப்டம்பரில் பிபிசி தன் மூன்றாவது நிகழ்ச்சி வரிசையைத் தொடங்கி, முழு நீளக் கச்சேரிகளையும் ஓபராக்களையும் இல்லங்களுக்கு அனுப்பியது. நீர்மூழ்கிக் கப்பல்களின் ஒலியைப் பிரித்தறியப் போர்க்காலத்தில் உருவாக்கிய ஒலிப்பதிவு நுட்பத்தை டெக்கா நிறுவனம் இசைத்தட்டுகளுக்குக் கொண்டுவந்திருந்தது. 1950-இல் அதே நிறுவனத்தின் எல்பி தட்டுகள் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தன. ஆக, இசை வந்து சேரும் வழிகள் திருந்திவிட்டன. ரேடியோகிராம் என்ற மரப்பெட்டிக்குள் இருந்த ஆம்ப்ளிஃபயர்தான் பின்தங்கி நின்றது. சத்தத்தைக் கூட்டினால் வயலின்கள் கரகரத்தன, வாத்தியங்கள் ஒன்றோடொன்று குழம்பின. இந்த உருத்திரிபை அடக்கும் வழியை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹரால்டு பிளாக் 1927-லேயே கண்டுபிடித்திருந்தார். ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே எதிர்த்திசையில் செலுத்தினால், அது தன் பிழையைத் தானே குறைத்துக்கொள்ளும். எதிர்ப் பின்னூட்டம் என்ற அந்த நுட்பம் நெடுநாள் தொலைபேசித் தடங்களுக்கே பயன்பட்டது. 1945-இல் ஹரால்டு லீக் அதை வைத்து, உருத்திரிபு 0.1 சதவீதத்தைத் தாண்டாத ஆம்ப்ளிஃபயரை விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

உண்மையான திருப்பம் 1947 ஏப்ரலிலும் மே மாதத்திலும் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் வந்த கட்டுரை. எழுதியவர் டி.டி.என். வில்லியம்சன் என்ற இருபத்து நான்கு வயது ஸ்காட்லாந்துக்காரர். இரண்டு கேடி66 வால்வுகள், 15 வாட் சக்தி, உருத்திரிபு 0.1 சதவீதத்துக்கும் கீழ். சுற்றின் ஒவ்வொரு மின்தடையின் அளவும் அச்சில். அவருடைய கவனமெல்லாம் ஒரு பொருளின் மேல் இருந்தது. வால்வையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர்தான் அது. பின்னூட்டம் அந்த டிரான்ஸ்ஃபார்மரையும் உள்ளடக்கிச் செயல்பட வேண்டுமானால், அதன் கம்பிச் சுருள்களைப் பல அடுக்குகளாகப் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்றாக இடைவைத்துச் சுற்ற வேண்டும். இல்லையென்றால் சுற்று நிலைகுலைந்து தானே ஊளையிடத் தொடங்கிவிடும். கட்டுரையைப் படித்தவர்கள் சாலிடரிங் அயர்னை எடுத்துக்கொண்டு வீட்டிலேயே செய்யத் தொடங்கினார்கள். நல்ல ஆம்ப்ளிஃபயர் பணக்காரர்களின் சொத்து என்ற நிலை அங்கேயே ஆட்டம் கண்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் டேவிட் சார்சர், மெல்வின் ஸ்பிரிங்கிள் என்ற இருவர் அந்த வடிவமைப்பை அமெரிக்க வால்வுகளுக்கு ஏற்ப மாற்றி, 'இசைக்கலைஞரின் ஆம்ப்ளிஃபயர்' என்ற பெயரில் வெளியிட்டார்கள். சார்சர், இசை நடத்துநர் டோஸ்கனினியின் என்பிசி சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவில் வயலின் வாசித்தவர். ஆர்க்கெஸ்ட்ராவின் நடுவில் உட்கார்ந்து வாசித்த ஒருவர், அதை வீட்டில் கேட்க 15 வாட் சுற்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தார் என்பதை நான் சிறிய செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதே சக்தியைப் பெரிய அரங்கில் சோதித்துப் பார்த்த நிகழ்ச்சியும் உண்டு. 1954 நவம்பர் 1 அன்று லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில், வார்ஃப்டேல் ஸ்பீக்கர் நிறுவனத்தின் கில்பர்ட் பிரிக்ஸ், மேடையில் வாசித்த இசையையும் ஒலிப்பதிவையும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார். அரங்கு நிரம்பி வழிந்தது. துணை நின்றவர் பீட்டர் வாக்கர். ஒலிப்பதிவைப் பெருக்கியவை அவருடைய குவாட் ஆம்ப்ளிஃபயர்கள். அவற்றில் ஒவ்வொன்றின் சக்தியும் 15 வாட்தான். ஏறத்தாழ மூவாயிரம் பேர் அமரும் அரங்கில் இது எடுபட்டதென்றால், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் 100 வாட் வேண்டும் என்று சொல்கிறவர் அதற்கான காரணத்தையும் சொல்ல வேண்டும்.

காரணம் இருக்கிறது என்பார்கள். அதில் பாதி நியாயமும் உண்டு. பிரிக்ஸின் ஸ்பீக்கர்கள் பெரியவை, சிறு மின்சக்தியிலேயே உரக்கப் பேசுபவை. அதே ஆண்டில் அமெரிக்காவின் எட்கர் வில்ச்சர் காற்று புகாத சிறிய பெட்டிக்குள் ஆழ்ந்த கீழ்ஸ்தாயியை வரவழைத்துக் காட்டினார். அதற்குக் கொடுத்த விலை, ஸ்பீக்கரின் உணர்திறன். இங்கே கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது. சக்தியை இரட்டித்தால் கிடைப்பது 3 டெசிபல் மட்டும். காதுக்கு இருமடங்கு உரத்ததாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு சக்தி தேவை. ஒரு வாட்டுக்கு 86 டெசிபல் தரும் ஸ்பீக்கரை 80 வாட் கொண்டு இயக்கினால் வரும் ஒலியை, 92 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்டில் தந்துவிடும். ஆகவே 'எத்தனை வாட்?' என்ற கேள்விக்கான விடை ஸ்பீக்கரின் பின்பக்கத்தில் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் அந்த 6 டெசிபலை வாங்கித் தருவதைவிட, ஸ்பீக்கரைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது மலிவாக வாங்கித் தரும்.

டேவிட் ஹாஃப்ளரின் டைனகோ நிறுவனம் 1959-இல் ஸ்டீரியோ 70 என்ற வால்வு ஆம்ப்ளிஃபயரை, வாங்குபவரே பூட்டிக்கொள்ளும் தொகுப்பாக 99.95 டாலருக்கு விற்றது. பக்கத்துக்கு 35 வாட். லட்சக்கணக்கில் விற்ற கருவி அது. அந்தப் பாதையிலேயே போயிருந்தால் நம் கேள்விக்கு அப்போதே விடை கிடைத்திருக்கும். ஆனால் டிரான்சிஸ்டர் வந்தது. அதோடு எண்களின் மயக்கமும் வந்தது. தொடக்கக்கால டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களில், அலையின் மேல்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை இன்னொன்றும் சுமந்தன. ஒன்று விட்டு மற்றொன்று ஏற்கும் இடத்தில் ஒரு சிறு வெட்டு விழுந்தது. இசை உரக்க ஒலிக்கும்போது அந்த வெட்டு மறைந்துவிடும். இசை மெலிய மெலிய அதன் பங்கு பெரிதாகும். அன்றைய விவரத்தாள்களோ உருத்திரிபை முழு சக்தியில் அளந்து அச்சிட்டன. தாளில் அழகான எண். வீட்டில், ஒரு குவார்ட்டெட்டின் மெதுவான பகுதியில், வயலின்மேல் மணலைத் தூவியதுபோன்ற ஒலி. செவ்வியல் இசை கேட்டவர்கள் டிரான்சிஸ்டரை வெறுத்தது பழமைவாதத்தால் அல்ல. அவர்களுடைய இசையில்தான் அந்தக் குறை அப்பட்டமாகத் தெரிந்தது. 1967-இல் வந்த குவாட் 303, மும்மூன்று டிரான்சிஸ்டர்களை ஒரு தொகுதியாக இணைத்து இதைத் தீர்த்தது. பிரச்சினை எங்கே என்று புரிந்தபின் மற்றவர்களும் தீர்த்தார்கள்.

வாட் போட்டி அதற்குப் பிறகும் ஓயவில்லை. ஒரு கண நேரம்கூடத் தர முடியாத சக்தியை விளம்பரப்படுத்தும் பழக்கம் எல்லை மீறியதால், அமெரிக்காவின் வணிக ஆணையம் 1974-இல் விதி வகுத்தது: தொடர்ந்து தரக்கூடிய சக்தியை மட்டும், எந்த அதிர்வெண் வரம்பில், எவ்வளவு உருத்திரிபோடு என்று குறிப்பிட்டே சொல்ல வேண்டும். நம் ஊரில் அத்தகைய கட்டுப்பாடு இல்லாததன் விளைவை, 1990-களில் டேப் ரெக்கார்டர்கள்மேல் ஒட்டியிருந்த ஆயிரம் வாட் பிஎம்பிஓ (கண நேர உச்ச சக்தி) ஸ்டிக்கர்களாகப் பார்த்தோம். அவற்றில் பல, உண்மையில் பத்து வாட்டைத் தாண்டாதவை.

அந்த வாட் போட்டிக்கு நடுவே 1978-இல் வந்த நாட் 3020 ஆம்ப்ளிஃபயரை, இசைக்கு உண்மையில் என்ன தேவை என்ற வில்லியம்சன் காலத்துக் கேள்விக்குத் திரும்பிச் சென்ற கருவி என்றே சொல்வேன். வடிவமைத்தவர் நார்வேக்காரரான பியோர்ன் எரிக் எட்வர்ட்சன், தயாரித்தது தைவானில். முகப்பில் ஆடம்பரம் இல்லை. விவரத்தாளில் பக்கத்துக்கு 20 வாட். அன்று கடையில் பக்கத்தில் நின்ற ஜப்பானியக் கருவிகள் அதைவிடப் பெரிய எண்களைக் காட்டின. ஆனால் எட்வர்ட்சன் ஆய்வகத்து மின்தடையை நினைத்து வடிவமைக்கவில்லை. உண்மையான ஸ்பீக்கரின் மின்தடை ஒவ்வொரு சுரத்துக்கும் மாறும். 8 ஓம் என்று எழுதியிருப்பது சில இடங்களில் 3 ஓமுக்குக்கூட இறங்கும். இசையின் உச்சமும் நீடிப்பதில்லை. டிம்பனி அடி கண நேரத்தில் முடிந்துவிடும். எனவே தொடர் சக்தியைக் குறைத்து, குறுகிய உச்சத்துக்கு அதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு தரவும், இறங்கும் மின்தடைக்குத் தேவையான மின்னோட்டத்தை அள்ளித் தரவும் பணத்தைச் செலவிட்டார். பின்னாளைய வடிவங்களையும் சேர்த்துப் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. அக்காலத்தில் 2என்3055 போன்ற சிலிக்கான் டிரான்சிஸ்டர்கள் எளிதாகக் கிடைத்தன. பாகங்கள் எவருக்கும் எட்டியவைதான். வேறுபட்டது, எதற்காகச் செலவிடுவது என்ற தீர்மானம்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அளவீடுகளுக்குள் அகப்படாத குணங்கள் விலை உயர்ந்த கருவிகளில் இருக்கின்றன என்பது அது. ஃபின்லாந்தின் மாட்டி ஓட்டாலா 1970-இல் எழுதிய ஆய்வு இதற்கு அறிவியல் அடித்தளம் தந்தது: மெதுவான சுற்றில் பின்னூட்டத்தை அளவுமீறித் திணித்தால், திடீரென்று எழும் ஒலிகளை அது சிதைக்கும். அவர் கண்டது உண்மைதான். ஆனால் அதிலிருந்து பின்னூட்டமே பகை என்ற முடிவுக்குச் சென்றவர்கள் அவசரப்பட்டார்கள். சுற்றுக்குப் போதிய வேகம் இருந்தால் அந்தக் குறை எழுவதில்லை என்பதைப் பின்னர் பாப் கார்டெல் போன்றவர்கள் அளந்தே காட்டினார்கள். வேகமான டிரான்சிஸ்டர்கள் மலிந்தபின் அது பழைய வழக்காகிவிட்டது. காதுகளைக் கொண்டு செய்த சோதனைகளும் அதே பக்கம் நிற்கின்றன. 1978-இல் குவாட் நிறுவனத்துக்காக ஜேம்ஸ் மோயர் நடத்திய மறைவுச் சோதனையில், அந்நிறுவனத்தின் 1953-ஆம் ஆண்டு வால்வு ஆம்ப்ளிஃபயரையும் 303-ஐயும் 1975-இல் வந்த 405-ஐயும் தேர்ந்த கேட்பவர்களால் பிரித்தறிய முடியவில்லை. 1987 ஜனவரியில் 'ஸ்டீரியோ ரிவ்யூ' வெளியிட்ட சோதனையில், 220 டாலர் பயனியர் ரிசீவரும் 12,000 டாலர் ஃபட்டர்மேன் வால்வு இணையும் பங்கேற்றன, முடிவு அதுவே. சோதனைப் பதற்றத்தில் காது மழுங்கும் என்ற ஆட்சேபத்தை நான் ஒதுக்கவில்லை. ஆனால் பெயர்ப்பலகையை மூடியவுடன் மறைந்துபோகும் வேறுபாட்டுக்காக ஐம்பது மடங்கு விலை கொடுக்கச் சொல்வது நியாயமாகாது. அந்தச் சோதனைகளுக்கும் ஒரு வரம்பு உண்டு: ஒலியளவு சமமாக இருக்க வேண்டும், எந்தக் கருவியும் தன் சக்தியைத் தாண்டிப் போகக் கூடாது. அந்த வரம்பு மீறப்பட்டால் வேறுபாடு யாருக்கும் கேட்கும்.

மலிவான கருவியில் செவ்வியல் இசைக்காரரை உண்மையாகவே தொல்லைப்படுத்துவது வேறொன்று. அதைப் பற்றி விவரத்தாள்கள் பேசுவதே இல்லை. சிடி பிளேயர் 2 வோல்ட் தருகிறது. பழைய ட்யூனர்களும் டேப்களும் தந்தது அதில் சிறு பகுதி. உணர்திறன் மிகுந்த ஆம்ப்ளிஃபயரில் சிடியை இணைத்தால், ஒலிக்குமிழின் முதல் கால்வட்டத்திலேயே வீடு அதிர்ந்துவிடும். மலிவான ஸ்டீரியோ குமிழ் மிகவும் தடுமாறுவது அந்தக் கால்வட்டத்தில்தான். இடப்பக்கமும் வலப்பக்கமும் சமமாக ஏறுவதில்லை. இரவில் மெதுவாக வைத்துக் கேட்டால், நடுவில் நிற்க வேண்டிய பாடகி ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுகிறார். அதோடு டிரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரமும் ஸ்பீக்கரில் கேட்கும் இரைச்சலும் சேர்ந்தால், மெதுவாக நகரும் ஒரு அடாஜியோ முழுவதும் கெட்டுப்போகும். இன்று கையடக்கமாக வரும், மின்சாரத்தை அதிவேகமாகத் திறந்து மூடி இயங்கும் கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபயர்களிலும் இதையே பார்க்க வேண்டும். அவற்றுக்கே உரிய குறை ஒன்றும் இருந்தது: தொடக்கக்கால வடிவங்களில் மேல்ஸ்தாயி, இணைத்த ஸ்பீக்கரைப் பொறுத்து மாறியது. பிலிப்ஸ் நிறுவனத்தில் புரூனோ புட்சீஸ், வெளியீட்டு வடிகட்டிக்குப் பின்னாலிருந்து பின்னூட்டம் எடுத்து அதைத் தீர்த்தார். பிளாக்கின் பழைய கண்டுபிடிப்பு புதிய கருவிக்கும் கைகொடுத்தது.

ஆகவே வாங்கப் போகிறவர்களே, ஸ்பீக்கரை முதலில் முடிவு செய்யுங்கள். பணத்தில் பெரும்பகுதியை அதற்கு ஒதுக்குங்கள். உணர்திறன் 88 டெசிபலுக்குக் குறையாமலும், மின்தடை 4 ஓமுக்குக் கீழே இறங்காமலும் இருந்தால், சாதாரண அறைக்கு உண்மையான 20 முதல் 40 வாட் தாராளம். கடையில் ஆம்ப்ளிஃபயரை உரக்க வைத்துக் காட்டுவார்கள். நீங்கள் மிக மெதுவாக வைக்கச் சொல்லுங்கள். இசையே இல்லாமல் குமிழைத் திருப்பி, ஸ்பீக்கரில் காதை வைத்து இரைச்சலைக் கேளுங்கள். பிறகு தனி வயலின் ஒன்றைப் போடச் சொல்லி, ஒலியைக் குறைக்கக் குறைக்க அது நடுவிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டிலும் தேறினால், விலைச்சீட்டு குறைவாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம்.