மண்ணுக்குள் தூங்கும் களைகள்



களை விதை மண்ணுக்குள் எத்தனை ஆண்டு உயிரோடிருக்கும்? இதை அறிய 1879இல் அமெரிக்காவின் மிச்சிகன் வேளாண் கல்லூரிப் பேராசிரியர் வில்லியம் பீல், 20 பாட்டில்களில் விதைகளை மணலோடு கலந்து புதைத்தார். 2021இல் ஒன்றைத் தோண்டினார்கள். வெளிச்சம் பட்டு முளைத்துவிடக் கூடாதென்று இரவில்தான் எடுத்தார்கள். 142 ஆண்டு தூங்கிய விதையும் முளைத்தது!

ஏர் ஓட்டும்போது இப்படித் தூங்கும் விதைகள்தான் மேலே வந்து, வெளிச்சம் கண்டு முளைக்கின்றன. 1962இல் கென்டக்கி விவசாயி ஹாரி யங் உழாமலே விதைத்துக் காட்டினார். உழாத நிலத்தில் ஆழத்து விதைகள் அப்படியே கிடக்கும். புதிதாக உதிர்பவை மேலேயே கிடப்பதால் எறும்பும் வண்டும் பலவற்றைத் தின்றுவிடும். மிஞ்சியவை முளைக்கும், அவற்றை விதை கட்டுமுன் பிடுங்க வேண்டும்.

பீல் 1924இல் மறைந்தார். கடைசிப் பாட்டிலைத் திறப்பது 2100இல். விடையைத் தான் பார்க்க முடியாத கேள்வியை அடுத்த தலைமுறையிடம் கொடுத்துப் போனார். வாத்தியார் வேலையும் அதுதானே, பிள்ளைகளே?